வலப்பக்கத்து இருக்கை

அந்தச் சித்திரை மாதக் காலையில் எங்கள் கராஜுக்குள் மூன்று பேர் இருந்தோம். கையில் டோர்ச் லைற்றுடன் சிமெந்துத் தரையில் முழங்காலூன்றி இருந்தவர் எஞ்சினியர் மார்ட்டீன். ஐம்பது வயதுப் பெண்மணி. காதளவில் வெட்டிய நரைத்த தலைமயிர். அவருக்குப் பக்கத்தில் நான். குசினிக் கதவடியில் தேநீர்த் தட்டோடு இவர்.

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் முதன்முதலாக வாசிக்கிறவர்களுக்கு: 'இவர்' என்றால் என் கணவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. எழுதவும் வரவில்லை.

எங்கள் மூவருக்கும் நடுவில் கார் நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை, இரண்டே இருக்கை. மூன்று குளிர்காலம் இந்தக் கராஜுக்குள் நின்று நான் கட்டிய கார். சட்டமும் மேல்தகடுகளும் பெட்டிகளில் வரும். எஞ்சின், கியர், சில்லு எல்லாவற்றையும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி அதில் பூட்ட வேண்டும். 'கிற் கார்' என்பார்கள். அப்படி வீட்டில் கட்டிய காருக்கு நம்பர் பிளேற் வேண்டுமென்றால் முதலில் ஓர் எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். மார்ட்டீன் அதற்காகத்தான் வந்திருந்தார்.

இரண்டு மணித்தியாலம் பார்த்தார். பிரேக் குழாய்களை விரலால் தடவினார். ஸ்ரியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கடைசியாக, கூட வருபவர் இருக்கும் வலப்பக்கத்து இருக்கைக்குப் பின்னால் லைற்றைப் பிடித்தார். சீற் பெல்ற்றைப் பூட்டும் இரும்புத் தகடு அங்கேதான் சட்டத்தோடு உருக்கி ஒட்டப்பட்டிருக்கிறது. வெளிச்சம் அதில் இரண்டு விநாடி நின்றது. பிறகு நகர்ந்தது.

"மிக நல்ல வேலை, மதாம்" என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு எழுந்து, கோப்பைத் திறந்து பேனையை எடுத்தார்.

இவருக்குப் பெருமையும் புளுகமும் தாங்கவில்லை. தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். நீளக் காலைத் தூக்கி உள்ளே வைத்து வலப்பக்கத்து இருக்கையில் இருந்தார். பெல்ற்றை இழுத்துப் பூட்டிக்கொண்டு, படம் எடுக்க இருப்பவர் போல நிமிர்ந்தார்.

"இஞ்சாரும், மதாமுக்கு ஒருக்காச் சொல்லும். மயிரிழை பிழை எண்டாலும் என்ரை மனிசி சாமானைத் திருப்பி அனுப்பிப்போடும் எண்டு."

பிரெஞ்சு பேசும் இந்த ஊரின் டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சமைக்கிறவர் இவர். இவருடைய பிரெஞ்சு அந்தக் குசினிக்குள் வளர்ந்த பிரெஞ்சு. 'சூடு, விலகு', 'கத்தி வருது', 'பின்னாலை நிக்கிறன்' எல்லாம் சரளமாக வரும். மனைவியைப் புகழ்கிற அளவுக்கு வராது. அதற்கு நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

"என் கணவர் சொல்கிறார்..." என்று தொடங்கினேன். அங்கேயே நிறுத்தினேன்.

ஓட்டை விழுந்த கார்

ஏன் கார் கட்ட வெளிக்கிட்டாய் என்று கேட்காத ஆட்கள் இல்லை. கோயிலிலும் கேட்டார்கள், பிறந்தநாள் விழாக்களிலும் கேட்டார்கள். ஒட்டாவாவில் இருக்கும் மகள் மூன்று மொழியில் கேட்டாள்.

நான் வேலை செய்வது விமானங்களுக்குச் சின்னச் சின்ன உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். செய்து முடித்த துண்டுகள் என் மேசைக்கு வரும். அளந்து, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சரியென்றால் பச்சை அட்டை. பிழையென்றால் சிவப்பு அட்டை. என் சிவப்பு அட்டையை மாற்ற மனேஜராலும் முடியாது. அங்கே எனக்குப் பெயர் 'மதாம் ரூஜ்', சிவப்பு அம்மா. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

ஆனால் இத்தனை வருடத்தில் அந்தத் துண்டுகள் போய்ச் சேருகிற விமானம் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஐம்பது வயது வந்தபோது அது மனதைக் குடைந்தது. ஒரு சாமானையாவது முதல் திருகாணியிலிருந்து கடைசி ஆணி வரை நானே பூட்டி, அது ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. எனக்குக் கார் பிடிக்கும். ஆகவே கார்.

பாகங்கள் எடுப்பதற்கான பழைய காரை லவாலில் ஒருவரிடம் வாங்கினோம். இரண்டு பேர் இருக்கும் சிறிய ஜப்பான் கார். எஞ்சின் மணி போல ஓடியது. உடம்பைத்தான் தெரு உப்பு தின்றுவிட்டிருந்தது. குளிர்காலத்தில் பனி உருக இந்த ஊரில் கொட்டுகிற உப்புக்குத் தப்பிய இரும்பு குறைவு. வீட்டுக்கு ஓட்டிவரும் வழியில் இவர் காலடியிலிருந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"இஞ்சாரும், றோட்டு தெரியுது."

"பாக்காதேங்கோ. காலை மேலை வையுங்கோ."

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீடு வந்து சேரும்வரை முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஆனால் திரும்பிப் போவோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இவர் கார் ஓட்டுவதில்லை. முன்பு வில்லரேயில் இருந்த காலத்தில், லைசென்ஸ் எடுக்கவென்று ஒருமுறை என் காரை எடுத்தார். தெரு முனையில் குவித்திருந்த பனிமேட்டுக்குள் நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கிவந்து திறப்பை என் கையில் வைத்து, "இது உமக்குத்தான் சரி" என்றார். அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான் இடப்பக்கம், இவர் வலப்பக்கம். வேகம் கூட என்றோ, சிவப்பு விளக்கு வருகிறது என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. என் தோழிகளின் கணவன்மார் எல்லாரும் கண்ணாலேயே பிரேக் பிடிக்கிறவர்கள். நான் கொடுத்துவைத்தவள்.

காரைப் பிரித்த முதல் குளிர்காலத்தில் இவர் எனக்குப் பெரிய துணையாக இருந்தார். எஞ்சினில் ஊறிப்போன எண்ணெய்ப் பிசுக்கை நான் சுரண்டிக்கொண்டிருக்க, "தள்ளும்" என்று சொல்லி, உணவகத்தில் புகைபோக்கி கழுவுகிற முறையில் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு இரண்டு நாளில் வெள்ளிக் குடம் போல ஆக்கினார். கழற்றிய ஆணிகளைத் தயிர் வாளிகளில் போட்டுத் தமிழில் பெயர் எழுதி ஒட்டினேன். அந்தக் காலத்தில் தயிரும் நிறையச் சாப்பிட்டோம்.

எண்ணெய் காயவில்லை

இனி அந்தத் தகட்டுக்கு வருகிறேன்.

கிற் காரின் சட்டம் ஒட்டி முடிக்கப்பட்டே வந்தது. நான் அதில் ஒட்டுவேலை, அதாவது வெல்டிங், செய்யத் தேவையே இல்லை. ஆனால் இவர் ஆறடிக்கு மேலே. வலப்பக்கத்து இருக்கையில் ஏற்றிப் பார்த்தபோது முழங்கால் முன்தகட்டில் முட்டியது. ஆகவே இருக்கையை நாலு விரல் பின்னுக்குத் தள்ளினேன். அப்படித் தள்ளினால் பெல்ற் பூட்டும் தகட்டையும் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். சட்டத்திலிருந்து அதை அறுத்து எடுத்து, புதிய இடத்தில் ஒட்ட வேண்டும்.

எங்களுக்கு ரெஜினோல்ட் அண்ணையைத் தெரியும். திருகோணமலை ஆள். வில்லரே வீடுகளின் வெளிப்பக்கத்து இரும்புப் படிகளை ஒட்டித் திருத்துவது அவருடைய தொழில். விசயத்தைக் கேள்விப்பட்டுத் தானாகவே போன் எடுத்தார்.

"தங்கச்சி, சனிக்கிழமை மெசினோட வாறன். பத்து நிமிச வேலை."

"வேண்டாம் அண்ணை. நானே ஒட்டுவன்."

சின்ன ஒட்டு மெசின் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கோடையில் வேலிக் கதவை ஒட்டியிருந்தேன், அது இன்றைக்கும் நிற்கிறது. முதல் ஆணி முதல் கடைசி ஆணி வரை நான்தான் என்று ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு, பெல்ற் தகட்டுக்கு இன்னொருவரைக் கூப்பிடுவதா?

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். வெளியே மூக்கு உறைகிற குளிர். கராஜுக்குள்ளும் இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டியது. மின்சாரத்துக்குப் பேஸ்மென்றிலிருந்து நீளக் கம்பி ஒன்று இழுத்திருந்தேன். முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒட்டத் தொடங்கினேன்.

இவர் சாப்பிடக் கூப்பிட வந்தவர், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் காயேல்லைப் போல கிடக்கு" என்றார்.

"என்னது?"

"சத்தம். காயாத எண்ணெயிலை வடையைப் போட்டால் இப்பிடித்தான் கேக்கும். உது பொரியேல்லை, சும்மா துப்புது."

"உங்கடை குசினியைப் பாருங்கோ" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. நல்ல ஒட்டு எரிகையில் ஒரே சீராகப் பொரிகிற சத்தம் வரும். அன்றைக்கு வரவில்லை. முகமூடியைக் கழற்றிப் பார்த்தேன். மேலே அழகாகத்தான் இருந்தது, சின்னச் சின்ன அலை போல. தகட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வெப்பம் ஊடுருவியிருந்தால் அங்கே நீலம் பாய்ந்திருக்கும். ஒன்றுமில்லை. உருகிய கம்பி இரண்டு இரும்பையும் பிணைக்காமல், மேலே மட்டும் படிந்திருந்தது.

தொழிற்சாலையில் என்றால் அரைநொடியில் சிவப்பு அட்டை.

நாளைக்கு அறுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுவோம் என்று நினைத்தேன். மறுநாள் வேலை. அடுத்த சனிக்கிழமை அதைத் தேய்த்து மட்டமாக்கிக் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று எனக்கே சொன்னேன். அதற்கடுத்த கிழமை அதற்குப் பின்னால் பெற்றோல் தாங்கி ஏறியது. பிறகு வயர்கள், பிறகு மேல்தகடு. இனி அதைத் திரும்ப ஒட்டுவதென்றால் பாதிக் காரைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கிழமையும் அந்தத் தகடு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. நானும் இடித்து நொறுங்குகிற மாதிரி ஓட்டுகிறவளா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெல்ற் என்பதே எதிரே வருகிறவன் இடிப்பதற்காகத்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மொழிபெயர்ப்பு

"என் கணவர் சொல்கிறார்..." என்று நான் நிறுத்திய இடத்தில் மார்ட்டீன் பேனையோடு காத்திருந்தார். இவர் பெல்ற்றுக்குள் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பெல்ற் அவருடைய தோளுக்கு மேலாகப் போய் அந்தத் தகட்டில் பூட்டியிருந்தது.

"நான் பிழைபட்ட துண்டை விடமாட்டேன் என்று என் கணவர் சொல்கிறார்" என்றேன் பிரெஞ்சில். "அது உண்மையில்லை. அவருக்குப் பின்னால் இருக்கிற தகட்டை நான் ஒட்டினேன். ஒட்டு பிடிக்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பெயின்ற் அடித்தேன்."

மார்ட்டீன் பேனையை மூடினார். முகத்தில் கோபமில்லை. இவ்வளவு நேரமும் இருந்த சிரிப்பு மட்டும் போய்விட்டது.

"என்ன சொன்னனீர்? ஏன் மதாமின்ரை முகம் மாறுது?" என்று இவர் கேட்டார்.

அதையே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. பிரெஞ்சில் சொன்னதைவிட அது கடினமாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்கடை பெல்ற் தகடு சரியா ஒட்டேல்லை. அண்டைக்கே தெரியும். நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

இவர் பெல்ற்றைக் கழற்றினார். அதை விட்டுவிடாமல் மெதுவாகக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தார். ஒரு காலும் பிறகு மற்றக் காலுமாக இறங்கி, வீட்டுக்குள் போனார். கதவு அடித்துச் சாத்தப்படவில்லை. அடித்துச் சாத்தியிருக்கலாம்.

"சுத்தியல் இருக்கிறதா?" என்று மார்ட்டீன் கேட்டார்.

எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீங்களே அடித்துப் பாருங்கள், மதாம்."

முதல் அடிக்குப் பெயின்ற் வெடித்தது. இரண்டாவதுக்கு ஓரம் கிளம்பியது. மூன்றாவது அடிக்குத் தகடு கழன்று, பெல்ற்றோடு தொங்கியது. அடியில் சட்டத்து இரும்பு பளபளவென்று இருந்தது. நெருப்பே படாத இரும்பு.

மார்ட்டீன் வெகுநேரம் அதைப் பார்த்தார். "இதை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கையெழுத்து வைத்திருப்பேன்" என்றார். கையெழுத்தில்லாத கோப்பை மூடி எடுத்துக்கொண்டார். "எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள். பிறகு கூப்பிடுங்கள், வருவேன்." தேநீரைத் தொடாமலே போனார்.

எட்டு நாள்

என்னை ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். இவர் ஏசவில்லை. கறி வைத்தார், உடுப்பு மடித்தார், மகளோடு போனில் சிரித்துக் கதைத்தார். என்னிடம் மட்டும் ஓம், இல்லை, பேந்து பாப்பம்.

வழக்கமாகக் காலையில் நான்தான் இவரை ரயிலடியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவது. மறுநாள் காலை நான் திறப்பை எடுக்கு முன்பே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"நான் பஸ்ஸிலை போறன்."

"ரெண்டு பஸ் மாறவேணும்."

"ஓம். தெரியும்."

எட்டு நாள் அப்படிப் போனார். ஒவ்வொரு நாளும் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். உருகிய பனித் தண்ணீரைத் தாண்டித் தாண்டி, பஸ் தரிப்பு வரைக்கும் திரும்பிப் பாராமல் நடந்தார். வேலை முடிந்து வந்து காரைப் பிரித்தேன். மேல்தகடு, வயர்கள், பெற்றோல் தாங்கி. அதோடு நிற்கவில்லை. சிவப்புக் கடதாசியை அட்டைபோல வெட்டி வைத்துக்கொண்டு, வேறு யாரோ கட்டிய கார் இது என்று நினைத்து முதலிலிருந்து பார்த்தேன். இன்னும் மூன்று இடத்தில் சிவப்பு விழுந்தது. பிரேக் குழாய் ஒன்று சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது, இரண்டு ஆணிகள் இறுக்கம் போதாது. அவற்றை நானே திருத்தினேன். மற்ற வேலை எல்லாம் திறம். அதை அடக்கத்துக்காக மறைக்கப் போவதில்லை.

பிறகு ரெஜினோல்ட் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

சனிக்கிழமை வந்தார். தொங்கிய தகட்டைப் பார்த்தார், பகிடி விடவில்லை. பேஸ்மென்றிலிருந்து வந்த நீளக் கம்பியைக் காலால் தட்டினார்.

"தங்கச்சி, இவ்வளவு நீளத்துக்கு இந்தச் சின்னக் கம்பியால கரண்ட் வந்து சேராது. வேலிக் கதவு மெல்லிசு, பிடிச்சிருக்கும். இது தடிச்ச இரும்பு."

"நான் பழகிச் செய்யலாம்தானே அண்ணை?"

"செய்யலாம். ஒரு வருசம் பழகினா நீங்க என்னைவிட நல்லா ஒட்டுவீங்க." முகமூடியைக் கையில் எடுத்தார். "இண்டைக்கு யாரு ஒட்டுறது?"

"நீங்கள் ஒட்டுங்கோ."

பொரிகிற சத்தம் குசினி வரை கேட்டது. இவர் கதவடிக்கு வந்து நின்றார். ஒட்டி முடித்து இரும்பு ஆறும்வரை நின்றார். தகட்டின் பின்பக்கம் நீலமாகியிருந்தது. ரெஜினோல்ட் அண்ணை பெரிய சுத்தியலால் இருபது அடி அடித்தார். கார்தான் ஆடியது. இவர் அவருக்குச் சாப்பாடு போட்டார், என் சாப்பாட்டுக் கோப்பையிலும் போட்டார். திங்கட்கிழமை காலையில், "ரயிலடிக்கு விடுவீரோ?" என்று கேட்டார்.

இன்றைக்கும் யாராவது இந்தக் காரை நீயேதான் கட்டினாயா என்று கேட்டால், "நாலு விரல் இடத்தைத் தவிர எல்லாம் நான்தான்" என்கிறேன்.

ஆற்றங்கரை வரை

மார்ட்டீன் ஆடி மாதம் திரும்ப வந்தார். இந்த முறை அரைநாள் பார்த்தார். ஒவ்வொரு ஒட்டிலும் குறடால் தட்டிக் கேட்டார். கையெழுத்து வைத்த பிறகு தேநீர் குடித்தார், இவருடைய வடையில் நாலு சாப்பிட்டார். அரச பரிசோதனையும் முடிந்து நம்பர் பிளேற் வந்தபோது மேப்பிள் இலைகளில் மெல்லிய சிவப்பு ஏறத் தொடங்கிவிட்டது.

முதல் ஓட்டத்துக்கு இவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நான் காரை வெளியே எடுத்துவிட்டு எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். இவர் தலையில் கம்பளித் தொப்பியோடு வந்து, ஒன்றும் கேட்காமல் ஏறினார். முழங்கால் முட்டவில்லை.

ஆற்றங்கரைத் தெருவால் ஓடினோம். கண்ணாடிக்கு மேலால் காற்று அடித்தது. தெருவோர வீடுகளில் புல் வெட்டிய மணம், ஆற்றின் மணம், சூடான ரப்பர் மணம் எல்லாம் நேராக முகத்துக்கு வந்தன. தெருவில் போன பிள்ளைகள் கை காட்டினார்கள். இவர் அரசர் போலத் திருப்பிக் கை காட்டினார். ஆற்றோரம் ஓர் ஒதுக்கில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். திடீரென்று அமைதியாகிவிட்டது.

"என்னோடை ஏன் எட்டு நாள் கதைக்கேல்லை?" என்று அப்போதுதான் கேட்டேன்.

இவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு முதல் சொல்லியிருக்கலாம். அந்த மனிசிக்குத்தானே முதல் சொன்னனீர்."

"தகடு பிழையா ஒட்டினது கோவமில்லையோ?"

"அதிலை என்ன? உமக்கு ஏதோ கரைச்சல் எண்டு எனக்கு முந்தியே தெரியும். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் மூண்டு தரம் கறுப்படிச்சனீர்."

நான் ஒரு தரம் அடித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தேன். மூன்று தரம்தான்.

"பேந்து ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு இருந்தனான்."

"நான் சொல்லாமலே விட்டிருந்தால்?"

இவர் என் பக்கம் திரும்பினார். இப்படியும் ஒரு கேள்வியா என்ற முகம்.

"ஏறியிருப்பன்" என்றார். "வேறை ஆரின்ரை காரிலை நான் போறது?"

ஒரு படகு போய், அதன் அலை வந்து கரையில் அடித்து ஓய்ந்தது. திறப்பில் வைத்த கையை எடுத்தேன். பிறகு குறுக்கே எட்டி, இவருடைய பெல்ற்றைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். இன்னொருமுறை பலமாக இழுத்துப் பார்த்தேன். இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

எஞ்சினைப் போட்டேன். தெருவில் கார் வராத நேரம் பார்த்து, வீட்டுப் பக்கம் திருப்பாமல், நேரே விட்டேன்.